கம்பத்துக்குத் தெரு தெரியும்

(அருப்புக்கோட்டையில் வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



'மலைப்பகுதிகளில் நீடித்த நீர்மின் திட்டங்கள்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். அழைப்பைப் பார்த்துவிட்டு எங்கள் தெருப் பையன் ஒருவன் கேட்டான்: "மாமா, நம்ம ஊர்ல மலையும் இல்ல, தண்ணியும் இல்ல. நீங்க என்னத்தப் பேசப் போறீங்க?" நியாயமான கேள்வி. அருப்புக்கோட்டையில் இருந்து திருச்சுழி போகிற சாலையில் நின்று பார்த்தால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கரிசல், சீமைக்கருவேலம், மின்கம்பம். இந்தக் காட்டில் நின்றுகொண்டு நீர்மின்சாரம் பற்றிப் பேசுவது கொஞ்சம் வேடிக்கைதான்.

நான் இன்ஜினியர் இல்லை. நாற்பது வருடம் வீட்டு வயரிங், மோட்டார், விசைத்தறிக் கூடம் என்று வேலை பார்த்தவன். கரண்ட் எங்கே இருந்து வருகிறது என்பதைவிட, எந்த வீட்டு வாசலோடு நின்றுபோகிறது என்பதுதான் எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். அங்கே இருந்தே பேசுகிறேன்.

முதலில் அந்தப் பையனுக்கு ஒரு பதில். நமக்கும் மலைக்கும் சம்பந்தம் இல்லை என்பது உண்மை இல்லை. அருப்புக்கோட்டைக்குக் குடிக்க வருகிற தாமிரபரணித் தண்ணீர் பொதிகை மலையில் பிறக்கிறது. பாபநாசத்தில் 1944இல் இருந்து நீர்மின் நிலையம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆக, நம் வீட்டுக் குடத்தில் விழுகிற தண்ணீர், வருகிற வழியில் மின்சாரமும் கொடுத்துவிட்டுத்தான் வருகிறது. அதேபோல, வைகை அணையில் திறந்து கிருதுமால் நதி வழியாக நரிக்குடி, திருச்சுழிப் பக்கம் எப்போதாவது வந்து சேர்கிற தண்ணீரில் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரும் கலந்திருக்கிறது. அதுவும் மலை இறங்கும்போது டர்பைனைச் சுற்றிவிட்டு வருகிற தண்ணீர்தான்.

அந்தப் பெரியாற்றுக் கதையை வைத்தே பேசலாம் என்று நினைக்கிறேன்.

தேக்கடியில் இருந்து சுரங்க வழியாக மலையைக் குடைந்து தண்ணீர் தமிழ்நாட்டுப் பக்கம் வருகிறது. போர்பே என்கிற சிறிய அணையில் தேங்கி, 4 ராட்சதக் குழாய்கள் வழியாக ஆயிரம் அடிக்கு மேல் சரிந்து லோயர் கேம்ப் மின் நிலையத்துக்கு இறங்குகிறது. குழாய்க்கு விநாடிக்கு 400 கனஅடி வீதம் மொத்தம் 1,600 கனஅடி. தொடங்கியபோது தலா 35 மெகாவாட் வீதம் 140 மெகாவாட். நீர்மின்சாரத்தின் சூத்திரம் இவ்வளவுதான்: எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உயரத்தில் இருந்து விழுகிறது. நிலக்கரி வேண்டாம், புகை இல்லை. டர்பைனைச் சுற்றிய தண்ணீர் ஒரு சொட்டுக்கூடக் குறையாமல் வெளியே வந்து வயலுக்குப் போகிறது. அதனால்தான் இதைத் தூய்மையான மின்சாரம், நீடித்த மின்சாரம் என்கிறார்கள். அதில் எனக்குச் சண்டை இல்லை.

என் சண்டை வேறு. இந்தத் தண்ணீரை யார் பெயரைச் சொல்லிக் கேட்டார்கள் தெரியுமா? நம் பெயரைச் சொல்லித்தான். 1789இல் இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை, மேற்கே ஓடுகிற பெரியாற்றை இந்த வறண்ட சீமைக்குத் திருப்ப முடியுமா என்று ஆள் அனுப்பிப் பார்த்தார். பணம் இல்லாமல் அது நின்றுபோனது. அப்புறம் 1876-78 பெரும் பஞ்சம். தாது வருடப் பஞ்சம் என்று நம் கிழவிகள் சொல்வார்களே, அது. இந்தச் சீமையில் கூட்டம் கூட்டமாக மனிதர்கள் செத்த பிறகுதான் வெள்ளைக்கார அரசாங்கத்துக்கு அந்தப் பழைய யோசனை மறுபடியும் நினைவுக்கு வந்தது. 1886 அக்டோபரில் திருவிதாங்கூரோடு 999 வருடக் குத்தகை. 8,000 ஏக்கர், ஏக்கருக்கு வருடம் 5 ரூபாய். 1895 அக்டோபரில் பென்னிகுயிக் கட்டிய அணை திறக்கப்பட்டது.

அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் 1985இல் இந்த மாவட்டம் பிரிகிற வரைக்கும் இராமநாதபுரம் மாவட்டம்தான். பஞ்சத்தில் செத்த சீமை இது. ஆனால் தண்ணீரின் பெரும்பகுதி கம்பம் பள்ளத்தாக்குக்கும் மதுரை, மேலூர்ப் பக்கத்துக்கும் போயிற்று. அங்கே உள்ள விவசாயி மீது எனக்கு வருத்தம் இல்லை. ஒரு கணக்கைச் சொல்கிறேன், அவ்வளவுதான். யார் துயரத்தைக் காட்டித் திட்டம் வாங்கினார்களோ, அவர்கள் கடைமடையில் நின்றார்கள். இந்தியாவில் எந்தப் பெரிய திட்டத்தை எடுத்தாலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் ஒத்துவரும்.

அந்தக் கடைமடைக்குள்ளேயும் ஒரு கடைமடை இருக்கிறது. அதுதான் நாம்.

எங்கள் தாத்தா நீர்பாய்ச்சி. கண்மாய் மடையைத் திறந்து அடைத்து, ஊர் வயலுக்கெல்லாம் தண்ணீர் விடுகிற வேலை. தண்ணீர் குறைந்த வருடத்தில் எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்று கணக்குப் பார்த்துப் பாய்ச்சுவார். ராத்திரி பகல் பார்க்காமல் கரையிலேயே கிடப்பார். அந்த ஆயக்கட்டில் எங்களுக்கு ஒரு செண்டு நிலம் கிடையாது. அறுவடையில் அளந்து போடுகிற கூலி நெல்தான். இராமநாதபுரம் சீமை முழுக்க மடைக்குடும்பன், நீர்பாய்ச்சி என்று பேர் பெற்றவர்களில் பெரும்பாலோர் யார் என்று உங்களுக்குத் தெரியும். தண்ணீரைப் பற்றி எல்லாம் தெரிந்தவனுக்குத் தண்ணீரில் பங்கு இல்லை. ஏனென்றால் பங்கு நிலத்தோடு ஒட்டியிருக்கிறது, நிலம் சாதியோடு ஒட்டியிருக்கிறது.

எங்கய்யா அந்த வேலை வேண்டாம் என்று வெளியூர் போனார். 1950களின் பிற்பாதியில் லோயர் கேம்ப்பில் மின் நிலைய வேலை நடந்தபோது, கூலிக்கு ஆள் கூட்டிப் போனவர்களோடு கம்பம் போய்விட்டார். கல் சுமந்தார், சாரம் கட்டினார். "ஒரு குழாய்க்குள்ள நம்ம வீட்டையே தூக்கி வைக்கலாம்டா" என்று அந்த ராட்சதக் குழாயைப் பற்றி எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். மலைக்காய்ச்சலோடு ஊர் திரும்பினார்.

எங்கள் ஊருக்கு 1964இல் கரண்ட் வந்தது. கிராமம் கிராமமாகக் கம்பம் நட்ட காலம். கோயில், சாவடி, மேலத்தெரு, கீழத்தெரு எல்லாம் விளக்கு எரிந்தது. கடைசிக் கம்பத்துக்கும் எங்கள் தெருவுக்கும் நடுவே ஒரே ஒரு புஞ்சை. அந்தப் புஞ்சைக்காரர் தன் நிலத்துக்கு மேலே எங்கள் தெருவுக்குக் கம்பி போகக் கூடாது என்றார். சுற்றிக்கொண்டு போகலாம், நாலு கம்பம் கூடுதலாகும், அவ்வளவுதான். அந்த நாலு கம்பம் வந்து சேர 15 வருடம் ஆனது. 1979இல்தான் எங்கள் தெருவில் விளக்கு எரிந்தது.

அப்போது நான் வயரிங் பழகிக்கொண்டிருந்த பையன். முதன்முதலில் நானாகத் தனியே வயரிங் செய்தது எங்கள் குடிசைக்குத்தான். எங்கய்யாவைக் கூப்பிட்டு சுவிட்சைப் போடச் சொன்னேன். அவர் போடவில்லை. "இது நான் சுமந்த குழாய்ல வந்த கரண்டாடா?" என்று கேட்டார். "அய்யா, அப்படிச் சொல்ல முடியாது. பைகாரா, மேட்டூர், பாபநாசம், பெரியாறு எல்லாம் ஒரே கம்பியில கலந்துதான் வரும். கரண்டுக்கு ஊர் பேர் கிடையாது" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "கரண்டுக்கு ஊர் தெரியல, சரி. கம்பத்துக்கு மட்டும் தெரு தெரியுதே" என்றார். அப்புறம்தான் சுவிட்சைப் போட்டார்.

தோழர்களே, நீடித்த திட்டம் என்றால் என்ன என்று எத்தனையோ பேர் விளக்கம் சொல்கிறார்கள். எனக்கு எங்கய்யா சொன்னதுதான் அளவுகோல். கம்பத்துக்குத் தெரு தெரிகிற வரைக்கும் அந்தத் திட்டம் முடியவில்லை.

இங்கே ஒரு சந்தேகம் வரும். 'அப்படியானால் அணையே வேண்டாம், மின்சாரமே வேண்டாம் என்கிறாயா?' இல்லை. நாம் அப்படிச் சொல்ல முடியாது. ஏனென்றால் இந்த நாட்டில் நதிகளையும் மின்சாரத்தையும் திட்டமிட்டு வளர்க்க வேண்டும் என்று அடித்தளம் போட்டவர்களில் முக்கியமானவர் நம் ஆள்.

1942 ஜூலையில் இருந்து 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் அம்பேத்கர் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். பாசனமும் மின்சாரமும் அவர் பொறுப்பில் இருந்தன. எட்டு மணி நேர வேலை பற்றி நாம் பேசுவோம், இதை அதிகம் பேசுவதில்லை. 1943இல் தாமோதர் நதியில் பெரும் வெள்ளம். அமெரிக்காவில் டென்னசி பள்ளத்தாக்கில் செய்ததுபோல, ஒரே நதியில் வெள்ளத் தடுப்பு, பாசனம், மின்சாரம் மூன்றையும் சேர்த்துத் திட்டமிடலாம் என்ற வேலை அவர் காலத்தில்தான் வேகம் பிடித்தது. மத்திய தொழில்நுட்ப மின் வாரியம், நதிகளுக்கான மத்திய ஆணையம் ஆகியவை அப்போது உருவானவை. 1945 நவம்பரில் கட்டக்கில் ஒரிசா நதிகளைப் பற்றிப் பேசினார். வெள்ளத்தை வெறும் ஆபத்தாகப் பார்த்துக் கடலுக்கு விரட்டாதீர்கள், தேக்கிப் பயன்படுத்துங்கள் என்பதுதான் அதன் சாரம்.

1927 மார்ச்சில் மகத்தில் பொதுக்குளத்துத் தண்ணீரைக் கையில் அள்ளிக் குடித்ததற்காக அவரோடு போனவர்கள் அடி வாங்கினார்கள். அந்த மனிதர் பதினெட்டு வருடம் கழித்து ஒரு நாட்டின் நதிகளை எப்படிப் பயன்படுத்துவது என்று திட்டம் போடும் நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டும் ஒரே வேலைதான் என்று நான் நினைக்கிறேன். மின்சாரம் மலிவாகவும் தாராளமாகவும் கிடைக்காமல் தொழில் வளராது, தொழில் வளராமல் இந்த மக்கள் வறுமையில் இருந்து மீள முடியாது என்பது அவர் வாதம். கிராமத்துப் பண்ணையில் இருந்து தப்பிக்க நமக்கு ஒரு கதவு வேண்டும். அந்தக் கதவைத் திறக்கிற சாவியாகத்தான் அவர் மின்சாரத்தைப் பார்த்தார். எனக்கு அந்தச் சாவி கிடைத்தது. வயரிங் பழகியதால்தான் நான் நீர்பாய்ச்சி ஆகவில்லை.

ஆனால் அவர் மின்சாரத்தோடு நிறுத்தவில்லை. 1947இல் எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' அறிக்கையில், முக்கியத் தொழில்கள் அரசின் கையில் இருக்க வேண்டும் என்றார். நிலமும் அரசுடைமையாகி, சாதி வேறுபாடு இல்லாமல் குத்தகைக்குத் தரப்பட வேண்டும், நிலக்கிழார் என்றும் நிலமற்ற கூலி என்றும் யாரும் இருக்கக் கூடாது என்றார். அணை ஒரு கை, நில உரிமை இன்னொரு கை. நாடு அணையை மட்டும் எடுத்துக்கொண்டது, நில உரிமையை விட்டுவிட்டது.

விட்டதால் என்ன ஆனது? தாமோதரிலேயே பாருங்கள். 1959 டிசம்பர் 6. அம்பேத்கர் மறைந்த மூன்றாவது நினைவு நாள். அன்று பஞ்சேத் அணையைத் திறக்க நேரு வந்தார். ஒரு தொழிலாளிதான் திறக்க வேண்டும் என்று விரும்பி, புத்னி மேஜான் என்ற சந்தால் பெண்ணைப் பொத்தானை அழுத்தச் சொன்னார். அவருக்கு அப்போது 15 வயது. நல்ல எண்ணம்தான். ஆனால் வரவேற்பில் அந்தப் பெண் நேருவுக்கு மாலை போட்டிருந்தார். மாலை போட்டால் கல்யாணம் ஆனதாக அர்த்தம், அதுவும் வேற்றினத்து ஆணோடு என்று சொல்லி அவருடைய சமூகமே அவரை ஒதுக்கி வைத்தது. 1962இல் வேலையும் போனது. பல வருடம் கழித்து, 1980களில்தான் மறுபடி வேலை கிடைத்தது. 2023 நவம்பரில் இறந்தார். நாட்டுக்கே வெளிச்சம் போட்ட விரல் அவருடையது. அந்த வெளிச்சத்தில் அவருக்கு நிற்க இடம் இல்லை. இதில் நமக்கும் ஒரு பாடம் உண்டு. ஒடுக்கப்பட்ட சமூகங்களுக்குள்ளேயும் பெண்ணை ஒதுக்குகிற பழக்கம் இருக்கிறது. அதை நாம் வெளியே இருந்து வந்ததாகச் சொல்லித் தப்பிக்க முடியாது.

இப்போது மலைக்கு வருவோம். பெரியாற்று நீர்த்தேக்கம் வெறும் காட்டில் தேங்கவில்லை. மன்னான், பளியர் போன்ற பழங்குடிகள் வாழ்ந்த காடு அது. இன்று குமுளி அருகே மன்னாக்குடி, பளியக்குடி என்று குடியிருப்புகள் இருக்கின்றன. காட்டுக்குள் இருந்தவர்களை வெளியே கொண்டுவந்து குடியமர்த்திய இடங்கள் அவை. 999 வருடக் குத்தகையில் கையெழுத்துப் போட்டவை இரண்டு அரசாங்கங்கள். குத்தகை அங்கே போனது. 1970 ஒப்பந்தத்தில் மின்சாரத்துக்கு ஒரு கிலோவாட் வருடத்துக்கு 12 ரூபாய் என்று விலை வைத்தார்கள். அதாவது 8,760 யூனிட்டுக்கு 12 ரூபாய், ஒரு ரூபாய்க்கு 730 யூனிட். அந்தப் பேரம் இரண்டு மாநிலங்களுக்கு நடுவே நடந்தது. காட்டில் இருந்தவனும் கடைமடையில் இருந்தவனும் அந்த மேசையில் உட்காரவே இல்லை. இன்றைக்கும் அணை மட்டம் 136 அடியா, 142 அடியா, 152 அடியா என்று உச்ச நீதிமன்றம் வரை வழக்கு நடந்திருக்கிறது. இரண்டு பக்கத்துக் கட்சிகளும் முழங்குகின்றன. மன்னான் பெயரும் நீர்பாய்ச்சி பெயரும் எந்தப் பக்கத்து முழக்கத்திலும் இல்லை.

பேச்சுக்கு இடம் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. கேரளத்தில் சாலக்குடி ஆற்றில் அதிரப்பள்ளி நீர்மின் திட்டம், 163 மெகாவாட். வாழச்சால் பகுதியில் வாழும் காடர் பழங்குடிகள் எதிர்த்தார்கள். 2006 வன உரிமைச் சட்டத்தின்படி 2014இல் அவர்களுக்குச் சமூக வன உரிமை கிடைத்தது. கிராம சபையின் ஒப்புதல் இல்லாமல் எங்கள் காட்டில் கைவைக்கக் கூடாது என்று சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசினார்கள். அந்த அணை இன்றுவரை கட்டப்படவில்லை. ஆற்றை நம்பிய விவசாயிகளும் சூழலியலாளர்களும் கூடவே நின்றார்கள் என்பது உண்மை. ஆனால் சட்டத்தில் ஓர் இடம் இருந்ததால்தான் காடரின் குரல் ஒரு மனுவாக முடிந்துபோகவில்லை.

இமயமலையில் வேறு கதை. 2021 பிப்ரவரி 7 அன்று உத்தரகாண்டில் ரிஷிகங்கா வெள்ளத்தில் 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், காணாமல் போனார்கள். அவர்களில் பலர் தபோவன் நீர்மின் திட்டத்தில் வேலை பார்த்தவர்கள், சுரங்கத்துக்குள் இருந்தவர்கள். 2023 அக்டோபர் 4 அன்று சிக்கிமில் பனிஏரி உடைந்து 1,200 மெகாவாட் தீஸ்தா-3 திட்டத்தின் சுங்தாங் அணையை அடித்துக்கொண்டு போனது. புகை வராத மின்சாரம் என்பதற்காக எந்த மலையிலும் எங்கேயும் கட்டலாம் என்று ஆகாது. மலை தாங்குமா என்று பார்க்காமல் கட்டினால், முதலில் சாவது சுரங்கத்தில் இறங்குகிற ஒப்பந்தக் கூலி. லோயர் கேம்ப்பில் பென்னிகுயிக்குக்கு மணிமண்டபம் இருக்கிறது, பொங்கலும் வைக்கிறார்கள். அவர் அதற்குத் தகுதியானவர். ஆனால் மலைக்காய்ச்சலிலும் விபத்திலும் அங்கே மண்ணாகிப் போன கூலிகள் எத்தனை பேர்? அவர்கள் பெயரை எந்தக் கல்லில் தேடுவது?

கடைசியாக, இது ஏன் இன்றைக்கு நம் பிரச்சினை என்று சொல்கிறேன்.

பக்கத்தில் கமுதிக்குப் போய்வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். 2016இல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தது. சுமார் 2,500 ஏக்கர். நம் பக்கத்திலும் கரிசலில் கண்ணாடிப் பலகைகள் முளைக்கின்றன. வெயில் நம்மிடம் தாராளம். ஆனால் சூரிய மின்சாரத்துக்கு ஒரு சிக்கல்: ஊருக்கு மின்சாரம் அதிகம் தேவைப்படுவது சாயங்காலம், அப்போது வெயில் இல்லை. அதற்கு வழி மறுபடியும் மலையில்தான் இருக்கிறது. பகலில் மிஞ்சும் மின்சாரத்தால் கீழ் அணைத் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி வைத்து, இரவில் இறக்கி மின்சாரம் எடுப்பது. நீரேற்று மின் திட்டம் என்பார்கள். ஆனைமலையில் காடம்பாறையில் 400 மெகாவாட்டுக்கு 1980களிலேயே கட்டினார்கள். நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு வேலை நடக்கிறது. போர்த்திமந்து, எமரால்டு என்று ஏற்கெனவே உள்ள நீர்த்தேக்கங்களைத்தான் பயன்படுத்துகிறார்கள். 100 யூனிட் போட்டால் முக்கால் பங்குக்கு மேல் திரும்பக் கிடைக்கும். மின்சாரத்தைச் சேமித்து வைக்கிற உண்டியல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, இனிமேல் கரிசலும் மலையும் ஒரே இயந்திரத்தின் இரண்டு முனைகள். நம் வெயில் அங்கே தண்ணீரை ஏற்றும், அந்தத் தண்ணீர் இரவில் விளக்கு எரிக்கும். இதில் இரண்டு முனையிலும் நிலம் யாருடையது என்பதுதான் கேள்வி. மலையில் பட்டா இல்லாத பழங்குடியைக் கணக்கில் சேர்க்கவில்லை. இங்கே என்ன நடக்கிறது? ஒரு நிலம் சோலாருக்குப் போனால் பட்டாதாரர் கிரயமோ குத்தகையோ வாங்கிக்கொள்வார். அதே நிலத்தில் சீமைக்கருவேலம் வெட்டி, மூட்டம் போட்டுக் கரி சுட்டு வாழ்ந்தவனுக்கு என்ன? ஆடு மேய்த்த பெண்ணுக்கு என்ன? களை பறித்தவளுக்கு என்ன? அவர்கள் பெயர் எந்தப் பத்திரத்திலும் இல்லாததால், அவர்கள் இழந்ததும் எந்தக் கணக்கிலும் இல்லை. வேலி போட்ட பிறகு கிடைப்பது இரவுக் காவல் வேலை, பலகை கழுவும் வேலை. 1892இல் நமக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலம் எந்தெந்த சர்வே எண்ணில் இருந்தது, இப்போது யார் கையில் இருக்கிறது என்று கேட்காமல் ஒரு ஏக்கர்கூடக் கைமாறக் கூடாது.

மின்சாரம் இலவசமாகக் கிடைப்பதிலும் இதே கணக்குதான். விவசாய மோட்டாருக்கு இலவச மின்சாரம் நல்ல திட்டம், விவசாயிக்கு வேண்டியது. ஆனால் கிணறு இருப்பவனுக்குத்தான் மோட்டார், நிலம் இருப்பவனுக்குத்தான் கிணறு. நிலமே இல்லாதவனுக்குக் குடிசையில் ஒரு விளக்கு. நிலத்தைத் தொடாமல் தண்ணீரையும் மின்சாரத்தையும் மட்டும் பங்கிட்டால், இருக்கிறவன் கைக்குத்தான் அது மறுபடியும் போய்ச் சேரும்.

சரி, என்னதான் வேண்டும் என்கிறீர்கள்? நாலு விஷயம் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று. மலையில் எந்தத் திட்டம் என்றாலும் முதல் கையெழுத்து அங்கே வாழும் மக்களின் கிராம சபையுடையதாக இருக்க வேண்டும். பட்டா இருப்பவனுக்கு மட்டும் இழப்பீடு என்பது போதாது. அந்த மண்ணில் பிழைக்கிற எல்லோரையும் கணக்கெடுக்க வேண்டும். ஒருமுறை தருகிற இழப்பீட்டோடு விடாமல், திட்டம் ஓடுகிற காலம் முழுக்க வருமானத்தில் பங்கு வேண்டும். கரிசலில் சோலாருக்கும் இதே விதிதான்.

இரண்டு. புதிய காட்டை மூழ்கடிப்பதற்கு முன்னால், ஏற்கெனவே தேங்கிய தண்ணீரை முழுசாகப் பயன்படுத்துங்கள். வைகை அணையின் அடியில் 6 மெகாவாட் சிறிய நிலையம் இருக்கிறது. பாசனத்துக்குத் திறக்கிற அதே தண்ணீரில் மின்சாரம், யாரையும் புதிதாக விரட்டவில்லை. இதுபோலக் கால்வாய்ச் சரிவுகளிலும் பழைய அணைகளிலும் செய்ய இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மூன்று. சுரங்கத்திலும் கம்பத்திலும் சாகிறவனைக் கணக்கில் வையுங்கள். ஒப்பந்தத் தொழிலாளி என்ற பெயரில் அவன் உயிருக்குப் பொறுப்பாளி இல்லாமல் போகக் கூடாது. திட்டம் வந்த இடத்துப் பிள்ளைகளுக்குக் காவல் வேலை மட்டும் போதாது, இயந்திரத்தை ஓட்டுகிற படிப்பும் வேலையும் வேண்டும்.

நான்கு. கடைமடையில் இருந்து தொடங்குங்கள். காவிரி-வைகை-குண்டாறு இணைப்புக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். 262 கிலோமீட்டர். குண்டாறு நம் திருச்சுழி வழியாக ஓடுகிற ஆறு. நாம்தான் அந்தக் கால்வாயின் கடைசி. என்றைக்காவது தண்ணீர் வரட்டும், வரவேற்போம். ஆனால் வந்த தண்ணீர் கண்மாயோடு நின்று ஆயக்கட்டுக்காரருக்கு மட்டும் போகுமா, காலனிக் குழாய்க்கும் வருமா என்று இப்போதே கேட்க வேண்டும். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் நம் மக்கள் குடிக்கிற தொட்டியில் மலத்தைக் கலந்தார்கள். அந்த ஊரும் புதுக்கோட்டை மாவட்டம்தான், இந்தக் கால்வாய் வருகிற மாவட்டம். 262 கிலோமீட்டர் கடந்து தண்ணீரைக் கொண்டுவந்துவிடலாம். ஊருக்கும் சேரிக்கும் நடுவே இருக்கிற அந்தக் கடைசி 200 மீட்டரைக் கடக்க எந்த இன்ஜினியரிடமும் வரைபடம் இல்லை. அது நம் வேலை.

தாத்தா ஒரு வழக்கம் வைத்திருந்தார். பாய்ச்சி முடித்த காலையில் மடைப்பக்கம் போகமாட்டார். நேராகக் கடைசி வயலுக்கு நடந்துபோய், குனிந்து மண்ணைக் கையில் எடுத்துப் பிசைந்து பார்ப்பார். கையில் ஒட்டினால்தான் கண்மாய் பாய்ந்தது என்று கணக்கு. மடையில் எவ்வளவு தண்ணீர் ஓடியது என்று யாராவது பெருமை பேசினால் சிரிப்பார்.

அடுத்த கிராம சபைக் கூட்டத்துக்குப் போகும்போது இரண்டே இரண்டு கேள்வி எழுதிக்கொண்டு போங்கள். நம் ஊரில் சோலாருக்குப் போன நிலத்தில் பஞ்சமி எவ்வளவு? நம் தெருவுக்கும் ஊர்த் தெருவுக்கும் கம்பம், குழாய், வடிகால் எல்லாம் ஒன்றாக இருக்கிறதா? பதில் வராது. தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள், எழுதுகிற வரைக்கும் எழுந்து வராதீர்கள்.